காக்கா இல்லாத தீவு

காக்காவைப் பற்றி ஒரு பொது உண்மை உண்டு. மாடியில் வடாம் காயவைத்த அன்று ஊரிலுள்ள அத்தனை காக்காவும் நம் வீட்டு மாடியில்தான் இருக்கும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றால் குறி தவறாமல் தோளில் எச்சமிடும். ஆனால் அமாவாசையன்று குளித்து, சமைத்து, வெறும் வயிற்றோடு இலையில் சோற்றை வைத்து "கா கா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். அன்றைக்கு மட்டும் அதற்கு வேறு எங்கேயோ அவசர ஜோலி இருக்கும். இது நம் ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் ஒரு மகாளய அமாவாசையன்று என் அம்மாவைக் காக்காவே இல்லாத ஒரு தீவுக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போனவள் நான்.

அப்போது நான் பறவை பார்க்க ஆரம்பித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. (முதல் தடவை மாலை போட்ட கன்னிசாமிக்குக்கூட அவ்வளவு பக்தி இருந்திருக்காது.) சாம்பல் நிறச் சட்டை, மண்நிறப் பேன்ட், கழுத்தில் பைனாகுலர். இன்சூரன்ஸ் ஆபீஸில் பாலிசி பற்றிக் கேட்க வந்தவர்களிடம் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டி, "அது சாதாரண மைனா இல்ல சார், ரோஜா மைனா. எங்கருந்து வருது தெரியுமா?" என்று கேட்பேன். அவர்கள் அடுத்த கவுன்டருக்குப் போய்விடுவார்கள். சித்தி பெண் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் எல்லோரும் அட்சதை போட, நான் மண்டபத்து ஜன்னலில் வந்து உட்கார்ந்த ஒரு பூச்சிபிடிப்பான் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் அது இருக்கிறது. நான் மட்டும் வேறு திசையில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவி மதாம். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிடும் தைரியம் யாருக்கும் இல்லாததால் ஊருக்கே அவர் மதாம். வெள்ளைத் தொப்பி, கைத்தடி, அதோடு சட்டதிட்டங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது. பூ, சென்ட் கூடாது. தின்பண்டத்தை இறைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் பறவைக் குரலைப் போட்டுக் காட்டிப் பறவையை ஏமாற்றி வரவழைக்கவே கூடாது. ஒருமுறை ஒரு புது ஆள் குயில் குரலைப் போட்டார். மறுவாரம் அவர் குழுவில் இல்லை.

வருஷத்துக்கு ஒரே ஒருமுறை மதாம் நண்டுத்திட்டுக்கு அழைத்துப் போவார். அது எங்கள் குழு வைத்த பெயர். அரியாங்குப்பம் ஆறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு சின்னத் தீவு. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹால் அளவுக்கு மணல், ஒரு ஓரத்தில் கொஞ்சம் அலையாத்திப் புதர், சுற்றிலும் சேறு. புரட்டாசியில் வடக்கேயிருந்து கூட்டம் கூட்டமாக வரும் உள்ளான்கள் அந்தச் சேற்றில் மேயும். கடல்நீர் ஏற ஏறச் சேறு மூழ்கி, பறவைகள் நெருங்கி நெருங்கி மணல் பக்கம் வந்துவிடும். அப்போது நாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கையெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இந்த உள்ளான்கள் இருக்கின்றனவே, எல்லாம் மண்நிறம், எல்லாவற்றுக்கும் குச்சிக் கால். ஒன்றுக்கு மூக்கு ஒரு நூல் வளைந்திருக்கும், இன்னொன்றுக்குக் கால் ஒரு நூல் மஞ்சளாக இருக்கும். அதை வைத்துப் பெயர் சொல்ல வேண்டும். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. அந்த வருஷம் மதாம் என்னையும் அழைத்தார். நான் தூங்கவில்லை.

கடல் நன்றாக ஏறுவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும்தான். அதனால் மதாம் கடல் கணக்கைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். எங்கள் வீட்டில் அம்மா தினசரி நாள்காட்டியைப் பார்த்து அதே ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தாள். மகாளய அமாவாசை.

அப்பாவின் தலைத்திவசம் முடிந்து வந்த முதல் மகாளய அமாவாசை அது. வருஷத்தில் வேறெந்த நாளை விட்டாலும் முன்னோர்களுக்குப் படையல் வைக்கும் இந்த நாளை விடக் கூடாது என்பார்கள். நான் ஒரே பெண், கூடப் பிறந்தவர்கள் கிடையாது. முத்தியால்பேட்டை வீட்டில் அம்மாவும் நானும்தான். அம்மாவுக்கு அந்த அமாவாசையில் ஒரு தனிக் கவலை இருந்தது. அப்பாவின் கருமாதியன்று வைத்த சோற்றைக் காக்கா தொடவில்லை. அதற்கப்புறம் வந்த அமாவாசைகளிலும் தொடவில்லை. அம்மா இலையை வைத்துவிட்டு மதியம்வரை மாடியில் நிற்பாள். கடைசியில் இலையைக் கீழே கொண்டுவந்து தெரு மாட்டுக்கு வைப்பாள். அம்மா அரைவயிற்றுக்கு ஏதோ சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

எனக்குக் காரணம் தெரிந்தேயிருந்தது. பக்கத்து வீட்டில் புதிதாக ஒரு பூனை வந்திருந்தது. நல்ல தண்டியான பூனை. அமாவாசை வாசனை பிடித்துச் சரியாக எங்கள் மாடிச் சுவரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை அம்மாவிடம் சொன்னேன்.

"பூனைக்குப் பயப்படற மனுஷனாடி உங்கப்பா? அவருக்கு எம்மேல கோவம். அதான் வரமாட்டன்றாரு."

"உம்மேல இன்னாம்மா கோவம் அவருக்கு?"

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தாக வேண்டும். மதாமிடம் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நல்ல மகள் அதைத்தான் செய்திருப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், சனிக்கிழமை சாயங்காலம் பெரிய மார்க்கெட்டில் அம்மாவோடு வாழைக்காயும் பூசணியும் அகத்திக்கீரையும் வாங்கிக்கொண்டே நண்டுத்திட்டின் பெருமையை அளந்தேன். ஆயிரக்கணக்கான பறவைகள், உலகத்தின் மறு கோடியிலிருந்து வருபவை, வருஷத்தில் ஒரே நாள், இந்த வாய்ப்பு போனால் அடுத்த வருஷம் மதாம் கூப்பிடுவாரோ மாட்டாரோ. அம்மா மனமிளகி "நீ போய்ட்டு வா பாப்பா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்வாள் என்பது என் திட்டம்.

அம்மா அகத்திக்கீரைக் கட்டைக் கூடைக்குள் திணித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவ்ளோ பறவ வருதா?"

"வானமே மறைஞ்சிடும்மா."

"அதுல ஒரு காக்கா இருக்காது?"

அம்மா முடிவெடுத்துவிட்டாள். "நானும் வர்றேன். சோத்த அங்கயே வச்சிடலாம். வீட்டுக்குத்தான் வரமாட்டன்றாரு. வெளில பாத்தா வருவாரோ இன்னாவோ."

குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், படகில் ஓர் இடம் காலி. இரவோடிரவாக மதாமுக்குப் போன் போட்டேன். மதாம் கேட்டது ஒரே கேள்விதான். "உங்க அம்மா பேசுவாங்களா?"

"எங்கம்மா வாயே திறக்க மாட்டாங்க மதாம்," என்றேன். (அரிசிக் கடைக்குப் போனால் கடைக்காரரின் மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டுத்தான் அரிசியின் விலையையே கேட்பாள்.)

விடியற்காலையில் அம்மா தயாராகி வந்து நின்றதும் எனக்கு மயக்கம் வந்தது. மாம்பழ மஞ்சளில், ஆரஞ்சுக் கரை போட்ட பட்டுப்புடவை. கையில் நாலடுக்குக் கேரியர், ஒரு தலைவாழை இலை, ஒரு சொம்பு. "அம்மா, சாம்பல் கலர்ல ஏதாவது கட்டும்மா, பறவைங்க பயப்படும்" என்று கெஞ்சினேன்.

"இது உங்கப்பா கடேசியா எடுத்துக் குடுத்தது. வேற கலர்ல போனா அவருக்கு எப்டிடி அடையாளம் தெரியும்?" என்றாள்.

படகுத்துறையில் மதாம் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். "மோன் தியூ" என்று மட்டும் சொன்னார், 'கடவுளே' என்பதற்குப் பிரெஞ்சு. பிறகு தன் பையிலிருந்து பாசிப்பச்சை நிற மழைக்கோட்டு ஒன்றை எடுத்து அம்மாவுக்கு மாட்டிவிட்டார். அது மதாமின் வளர்த்திக்குத் தைத்தது. என் அம்மா உயரத்தில் குட்டை. கோட்டு பாதம்வரை வந்தது, மேலே அம்மாவின் முகமும் விபூதியும் மட்டும் தெரிந்தன. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லா தடிமனா தச்சிருக்காங்க மேடம். மழைக்கு ஒழுகாது" என்றாள்.

படகில் எங்களோடு சலீம் அண்ணனும் வந்தார். நேரு வீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். கேமராவில் அவர் மாட்டியிருந்த லென்ஸ் எங்கள் வீட்டுக் குத்துவிளக்கைவிட நீளம். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், எல்லோரும் மண்நிறத்தில், வாய் மூடி. படகு நகர்ந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "மேடத்துக்கு எத்தினி பசங்க?"

"சிலான்ஸ்," என்றார் மதாம். பிரெஞ்சில் சொன்னாலும் உதட்டில் விரல் இருந்ததால் அம்மாவுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். அப்புறம் என் காதில், "பசங்க இல்ல போலருக்குது, பாவம்" என்றாள். படகில் என்ஜின் சத்தத்தையும் மீறி அது எல்லோருக்கும் கேட்டது.

படகுக்காரர் எங்களைத் தீவில் இறக்கிவிட்டு, நீர் வடிய ஆரம்பித்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதாவது, அதுவரை நாங்கள் எங்கும் போக முடியாது.

உண்மையில் அது ஓர் அற்புதமான காலை. சூரியன் கடல் பக்கமிருந்து கிளம்பிச் சேறு முழுக்க வெளிச்சமானபோதுதான் தெரிந்தது, சேறே நகர்ந்துகொண்டிருந்தது. அத்தனை உள்ளான்கள். எல்லோரும் மணலில் குந்தி டெலஸ்கோப்பை நாட்டினார்கள். நான் அம்மாவுக்கு என் பைனாகுலரைக் கொடுத்தேன். திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப தூரத்துல இருக்குதேடி" என்றாள். சரியாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன்.

"இத்துனூண்டு குருவிங்களா? இதுங்களுக்கா ராத்திரியெல்லாம் படிச்ச?"

"சைபீரியாலருந்து வருதும்மா. அங்க குளிர் ஆரம்பிச்சா தீனி கிடைக்காது."

அம்மா நிறைய நேரம் பார்த்தாள். "அங்கருந்து பறந்தா வருது? பெத்ததுங்களயும் கூட்டிக்கிட்டா?"

"குஞ்சுங்க பின்னாடி தனியா வரும். வழிய யாரும் காட்ட மாட்டாங்க."

"அய்யோ," என்றாள் அம்மா. உண்மையாகவே கண் கலங்கியது. "அவ்ளோ தூரம் வந்துட்டு வெறும் சேத்தத் தின்னுதுங்களே. வூட்டுக்கு வந்தா ஒரு புடி சோறு போடமாட்டனா?"

மதாம் திரும்பிப் பார்த்தார். இந்தமுறை சிலான்ஸ் சொல்லவில்லை, முறைத்ததோடு சரி.

அம்மா புதர் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் மணலை நிரவி, நீர் தெளித்து இலையைப் போட்டாள். சோறு, பருப்பு, நெய், வாழைக்காய் வறுவல், பூசணிக்காய்க் கூட்டு, கீரை, பாயசம், உளுந்து வடை. உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்தது. கற்பூரம் மட்டும் ஏற்ற வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சி நிறுத்தினேன். கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து வானத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். காக்கா இல்லை.

மொத்தப் புதுச்சேரியிலும் காக்கா இல்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து என் அம்மாவைக் கூட்டிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காக்காவுக்கு இங்கே என்ன வேலை? மீன் இறங்கும் இடத்திலும், பெரிய மார்க்கெட் பின்பக்கத்திலும், அன்றைக்குப் பார்த்து ஊரில் ஒவ்வொரு மாடியிலும் விருந்து நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஆற்றைத் தாண்டி யார் வருவார்கள்?

அதற்கப்புறம் நான் பறவை பார்க்கவில்லை, காக்கா தேடினேன். எல்லோருடைய டெலஸ்கோப்பும் சேற்றைப் பார்த்திருக்க, என் பைனாகுலர் மட்டும் ஊர்ப்பக்கத் தென்னை மரங்களைத் துழாவியது. ஒருமுறை கறுப்பாக ஒன்று மூங்கில் கழியில் தெரிந்து உடம்பெல்லாம் சிலிர்த்தது. பார்த்தால் நீர்க்காகம். சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

"பேரு இன்னாவாம்?" என்றாள் அம்மா.

"நீர்க்காகம். ஆனா அது மீன்தான்மா தின்னும்."

"காகம்னுதான பேரு வச்சிருக்காங்க? நீ கூப்புட்டுப் பாரேன்."

கூப்பிட்டேன். கிசுகிசுப்பான குரலில், "கா... கா..." என்று. காக்காவை ரகசியமாகக் கூப்பிட்டவள் இந்தப் பூமியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீர்க்காகம் தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

சலீம் அண்ணன் முட்டிபோட்டபடி நகர்ந்து வந்தார். "பவானி, ஏதாவது விசேஷமா பாத்தீங்களா? அந்தப் பக்கமே பாக்கறீங்களே?"

"காக்கா தேடறேன் அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கே போய்விட்டார்.

நீர் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளான் கூட்டம் நெருங்கி நெருங்கி வந்தது. அப்போதுதான் மதாமின் கை உயர்ந்தது. எல்லோரும் உறைந்தார்கள். "சலீம்," என்று மூச்சுக்குள் சொன்னார், "இடதுபக்கம், கடைசிலருந்து மூணாவது. மூக்கப் பாருங்க." மதாம் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த பறவை ஒன்று உண்டு. மூக்கு நுனி கரண்டி மாதிரி அகன்ற ஒரு சின்ன உள்ளான். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமிருக்கின்றன என்பார்கள். அதுவாக இருக்குமோ? அது பக்கவாட்டில் நின்றது. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். நானும் எல்லாவற்றையும் மறந்து டெலஸ்கோப் பக்கம் தவழ்ந்தேன்.

அப்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். மழைக்கோட்டுக்குள் முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது, விரல்கள் ஆடின.

"இன்னாம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காலைல மாத்திர போட்டனா, அதான்."

அம்மாவுக்குச் சர்க்கரை. கோரிமேடு ஆஸ்பத்திரியில் காட்டி வாங்கிய மாத்திரை, போட்டால் உடனே சாப்பிட வேண்டும். பழக்கதோஷத்தில் விடியற்காலை போட்டுக்கொண்டிருக்கிறாள், அதற்கப்புறம் பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை. கேரியரில் பாயசம் இருந்தது. எடுத்து வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஒரு வாய் குடிம்மா. சாமி குத்தம் வந்தா எனக்கு வரட்டும்."

"அவரு சாப்புடாம எனக்கு எறங்காதுடி." தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, இத்தனை மாதம் கேட்டும் சொல்லாததை, அந்தத் தீவில் உட்கார்ந்து சொன்னாள். "கடேசி நாளு சாயந்தரம் இன்னொரு காபி கேட்டாரு. பாலு இல்லன்னுட்டேன். இருந்துச்சு பாப்பா. தயிருக்குத் தோய்க்கணும்னு எடுத்து வச்சிருந்தேன். காலைல பாத்தா ஆளு இல்ல. அந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் காபிக்குப் பொய் சொல்லிட்டேனே."

நான் எழுந்து நின்றேன். மதாம், கரண்டி மூக்கு, உலகத்தின் மறுகோடி, எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஊர்ப்பக்கம் பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"காஆஆ! காஆஆ! அப்பாஆஆ! காஆஆ!"

நண்டுத்திட்டிலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பின. வானம் மறைந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேனே, அது பொய்யில்லை. ஒரு வட்டம் அடித்து, வெள்ளையாய்த் திரும்பி, மறுபடி மண்நிறமாய்த் திரும்பிக் கடல் பக்கம் போய்விட்டன. சேற்றில் ஒன்றுமில்லை. சலீம் அண்ணன் கேமராவிலிருந்து முகத்தை எடுக்காமல் அப்படியே இருந்தார். அவர் படத்தில் பதிவானது ஒரு வால் மட்டும் என்று பிறகு தெரிந்தது. மூக்கு பதியவில்லை.

மதாம் எழுந்து என்னை நோக்கி நடந்து வந்தார். இப்படி ஓர் ஆளைக் கடலில் தள்ளினால் சட்டப்படி என்ன தண்டனை என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். பக்கத்தில் வந்ததும் அம்மாவைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன், காபி உட்பட.

மதாம் அம்மாவின் அருகில் மணலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கல்லறைத் திருநாளுக்கு நான் என் வீட்டுக்காரருக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்மா. கடக்கரைக் காத்து, அணைஞ்சி போகும். அணைஞ்சா அவருக்கு என்மேல கோவம்னு நெனைச்சிப்பேன். திருப்பி ஏத்துவேன். எரிஞ்சி முடியற வரைக்கும் எழுந்துக்க மாட்டேன். இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." எழுந்து தொப்பியைக் கழற்றினார். "சலீம், உங்க போன்ல காக்கா சத்தம் இருக்கா?"

சலீம் அண்ணன் தன் காதை நம்பவில்லை. "மதாம், நீங்கதான் போன்ல எதுவுமே போடக் கூடாதுன்னு..."

"போடுங்க. நல்லா சத்தமா."

போன் கரைந்தது. மதாமும் கூப்பிட்டார். பிரெஞ்சு வகுப்பில் உச்சரிப்பு திருத்துகிற அதே சுத்தத்தோடு, "கா! கா!" என்றார். சலீம் அண்ணன் கூப்பிட்டார். மண்நிறச் சட்டைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று ஆளுக்கொரு திசையில் கூப்பிட்டார்கள். தூரத்தில் படகில் போன சுற்றுலாப் பயணிகள் எங்களை வீடியோ எடுத்தார்கள். ஒரு காக்காவும் வரவில்லை.

வந்தது வேறொன்று. கூட்டத்தோடு பறந்து போகாமல் தங்கிவிட்டது போல, நீரோரமாகத் தனியாக நடந்து வந்தது. குட்டையான ஆரஞ்சுக் கால்கள், நெஞ்சில் கறுப்புப் பட்டை, முதுகில் கொஞ்சம் செங்கல் நிறம். கல்திருப்பி உள்ளான். கரையில் கிடக்கும் கல்லையும் கிளிஞ்சலையும் மூக்கால் புரட்டி அடியில் இருப்பதைத் தின்பது அதன் தொழில். எங்கள் யாரையும் அது மதிக்கவில்லை. நேராக இலைக்கு வந்தது. எல்லோரும் சிலையானோம். இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. பிறகு மூக்கை வடைக்கடியில் கொடுத்து ஒரே நெம்பு. வடை புரண்டது. அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தது. அதன் பிறகுதான் சோற்றில் வாய் வைத்தது.

அம்மா என் கையை நசுக்கிவிட்டாள்.

"பாத்தியாடி? பாத்தியா?"

"அம்மா, அது காக்கா இல்ல, வந்து..."

"எனக்குத் தெரியாதா? உங்கப்பா என்னிக்கு வடையத் திருப்பிப் பாக்காம தின்னாரு? கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த நாளா அடி கருகியிருக்குதான்னு பாத்துட்டுத்தான வாயில வப்பாரு! எத்தினி சண்ட போட்டிருக்கேன்!"

உண்மைதான். எங்கள் வீட்டில் அப்பா தட்டில் வடை விழுந்ததும் முதலில் புரளும். ஹோட்டலிலும் அப்படித்தான், மாமனார் வீட்டிலும் அப்படித்தான்.

"இது எங்கருந்து வருது?" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல்.

மதாம்தான் பதில் சொன்னார். "ரொம்ப தூரம்மா. வடதுருவத்துப் பக்கம். அதுக்கு அந்தாண்ட ஊரே கிடையாது."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். இத்தனை மாதமாக நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அந்த மூச்சோடு இறங்கியதை நான் பார்த்தேன். "அதான் பாத்தேன். கோவமெல்லாம் இல்ல. அவ்ளோ தூரம் போய்ட்டு வர்றதுன்னா லேட்டாவாதா? பாவம், நான் மாடில நின்னுக்கிட்டு மனுஷன திட்டிக்கிட்டிருந்தேன்." பாயசக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

அறிவியல் பூர்வமாக எனக்குத் தெரியும். கல்திருப்பி எதையும் புரட்டும், எதையும் தின்னும். சோப்புக்கட்டியைக்கூட விடாது என்று படித்திருக்கிறேன். அன்று நான் அதைச் சொல்லவில்லை. நானும் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தேன்.

பிறகு அந்தத் தீவில் பந்தி நடந்தது. அம்மா மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு, மாம்பழ மஞ்சளில் ஜொலித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேரியர் மூடியிலும் உள்ளங்கையிலும் பரிமாறினாள். சலீம் அண்ணன் பூசணிக்காய்க் கூட்டு இரண்டாம் முறை கேட்டார். மதாம் தனக்குப் பிள்ளைகள் இருவர், இருவரும் பிரான்ஸில், துலூஸ் நகரத்தில் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் தானாகவே சொன்னார். அவர் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம்வரை அம்மா விசாரித்து முடிப்பதற்குள் படகு வந்துவிட்டது.

அந்தக் கடைசியிலிருந்து மூன்றாவது பறவைக்குக் கரண்டி மூக்கா, சாதா மூக்கா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. குழுவில் ஏதாவது பறவை கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் பறந்துவிட்டால், "பவானி அப்பாவைக் கூப்பிட்டுட்டா" என்கிறார்கள். மதாமே சொல்கிறார். என்னைக் குழுவிலிருந்து நீக்காததற்குக் காரணம் அம்மாவின் வடைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தப்பாக்கள் இலையில் வடை விழுந்ததும் என்னைப் பார்த்துக்கொண்டே புரட்டுவார்கள்.

அம்மா மட்டும் இதைச் சிரிப்புக்குச் சொல்வதில்லை. ஆவணி பிறந்தால், "கிளம்பியிருப்பாரா?" என்பாள். புயல் சின்னம் என்று டிவியில் சொன்னால், "எங்கனா ஓரமா நின்னு வந்தா சரி" என்பாள். போன பங்குனியில் ஒருநாள் ஆபீஸில் இருந்தபோது போன் செய்தாள்.

"ஏண்டி, அதுங்கள்லாம் ஊருக்குத் திரும்பற நேரமாமே? மேடம் சொன்னாங்க."

"ஆமாம்மா, ஒண்ணொண்ணா கிளம்புது."

"அங்க இப்ப குளுரு எப்டியிருக்குதுன்னு உன் போன்ல பாரு."

எதிரே பாலிசி பத்திரத்தோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, வடகோடியில் வாயில் நுழையாத ஓர் ஊரின் பெயரைத் தேடிப் பார்த்தேன். "இன்னும் பனி கொட்டிக்கிட்டிருக்குதும்மா."

"அப்ப இன்னா அவசரம்? இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போவச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.

யாரிடம் போய்ச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நண்டுத்திட்டுக்குப் படகு சொல்லிவிட்டேன்.